களைக்கு வைத்த நஞ்சு

எலிகளுக்குக் கண் மங்கியதிலிருந்துதான் இந்த மருந்தின் கதையைத் தொடங்க வேண்டும்.

1980களின் பிற்பகுதி. இங்கிலாந்தின் செஷயர் வட்டாரத்தில் ஆல்டர்லி பார்க் என்ற இடத்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் நச்சியல் ஆய்வகம் இருந்தது. வயலில் தெளிக்கப்போகும் எந்தப் பொருளையும் முதலில் விலங்குகளுக்குக் கொடுத்து, எங்கே கெடுக்கிறது, எவ்வளவில் கெடுக்கிறது என்று பார்ப்பது அங்கே அன்றாட வேலை. அப்படி ஒரு புதிய களைக்கொல்லியைக் கொடுத்துப் பார்த்த எலிகளின் கருவிழியில் வெண்மை படர்ந்தது. அதையே தின்ற சுண்டெலிகளின் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

களைக்கொல்லி விற்கும் நிறுவனத்துக்கு இது கெட்ட சகுனம். கண்ணைக் கெடுக்கும் பொருளை உழவர் கையில் கொடுக்க எந்த அரசும் எளிதில் அனுமதிக்காது. பெரும்பாலான இடங்களில் இத்தோடு கோப்பை மூடிவிட்டு அடுத்த பொருளுக்குப் போயிருப்பார்கள். ஆல்டர்லி பார்க்கில் எட்வர்ட் லாக், மார்ட்டின் எல்லிஸ், லூயிஸ் ஸ்மித் ஆகியோர் ஏன் என்று கேட்டார்கள். இந்த மருந்து உலகுக்குக் கிடைத்ததற்கு முக்கியக் காரணம் அந்த ஒரு கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கண்டுபிடிப்புக் கதைகளில் நச்சியல்காரர்களை யாரும் நாயகர்களாக நிறுத்துவதில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குபவர்கள் அவர்கள்.

பொருளின் பூர்வீகம் கலிஃபோர்னியா. ஸ்டாஃபர் கெமிக்கல் நிறுவனத்தின் ஆய்வு மையம் ஒன்று அங்கே இருந்தது. 1977இல் அங்கே வேலை பார்த்த ஒருவர், தன் தோட்டத்துப் பாட்டில் பிரஷ் செடிகளின் அடியில் களை அவ்வளவாக முளைக்காததைக் கவனித்தார். ஊட்டிப் பக்கம் போனவர்கள் இந்தச் செடியைப் பார்த்திருப்பார்கள், சிவப்புப் பூ கொத்தாகத் தொங்கும். சொந்த மண் ஆஸ்திரேலியா. மரத்தடியில் புல் முளைக்காதது நமக்கொன்றும் அதிசயமில்லை. புளியமரத்தடியைக் காட்டி எந்தப் பாட்டியும் சொல்லிவிடுவார். ஆனால் இவர்கள் களையைக் கொல்வதற்கென்றே வேலையில் இருந்தவர்கள். செடியிலிருந்து சாரத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். லெப்டோஸ்பெர்மோன் என்ற பொருள் சிக்கியது. அது பட்ட களை பச்சை இழந்து வெளுத்துச் செத்தது. 1980இல் காப்புரிமையும் எடுத்தார்கள். ஆனால் வீரியம் போதவில்லை. வயலுக்கு மூட்டை மூட்டையாகக் கொட்டினால்தான் வேலை செய்யும் என்றால் யார் வாங்குவார்கள்?

சில ஆண்டுகள் கழித்து, அதே நிறுவனத்தில் வேறொரு களைக்கொல்லி வரிசைக்காக வேலை செய்துகொண்டிருந்த வேதியியலாளர்களுக்குக் குடுவையில் எதிர்பாராத ஒரு பொருள் வந்தது. அமைப்பைப் பார்த்தால் லெப்டோஸ்பெர்மோனுக்குத் தாயாதி. அதை மாற்றி மாற்றிச் செய்ததில் பிறந்த பிள்ளைகளில் ஒன்றுதான் என்.டி.பி.சி. என்று சுருக்கி அழைக்கப்பட்ட பொருள். களையை வெளுக்க வைப்பதில் கெட்டிக்காரன். 1987இல் ஸ்டாஃபர் ஐ.சி.ஐ. கைக்குப் போனபோது என்.டி.பி.சி.யும் சொத்தோடு சொத்தாகப் போனது. எலிகளின் முன்னால் வந்து நின்றது அப்படித்தான்.

இங்கே ஒரு வேடிக்கை. இந்தக் குடும்பத்துக் களைக்கொல்லிகள் களையைக் கொல்கின்றன என்பது தெரியும். எப்படிக் கொல்கின்றன என்பது அப்போது யாருக்கும் தெரியாது. விடையை எலிதான் சொன்னது. கண் மங்கிய எலிகளின் ரத்தத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் தாறுமாறாக ஏறியிருந்தது. அது கருவிழியில் படிகமாகப் படிந்ததால்தான் கண் கெட்டது. சிறுநீரிலோ, டைரோசின் உடையும்போது முதல் படியில் வரும் பொருள் நிறைய இருந்தது, இரண்டாம் படிக்குப் பிறகு வரவேண்டியது வரவில்லை. ஆகவே இரண்டாம் படியில் வேலை செய்யும் நொதியைத்தான் இந்தப் பொருள் கட்டிப்போடுகிறது. அந்த நொதிக்கு ஹெச்.பி.பி.டி. என்று பெயர். செடிகளிலும் அதே நொதி உண்டு. ஆனால் அங்கே அதன் வேலை உடைப்பது அல்ல, கட்டுவது. டைரோசினிலிருந்து அது தயாரித்துக் கொடுக்கும் மூலப்பொருள் இல்லாவிட்டால், வெயிலிலிருந்து பச்சையத்தைக் காக்கும் கரோட்டின் நிறமிகள் செடியில் உருவாகா. காப்பு இல்லாத பச்சையத்தைச் சூரியனே அழித்துவிடும். களை வெளுத்துச் சாவதன் சூட்சுமம் எலியின் சிறுநீரிலிருந்து தெரிய வந்தது.

மனித உடலில் அந்த நொதி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

பாலிலும் பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் டைரோசின் இருக்கிறது. உடலுக்குத் தேவையானது போக மிச்சத்தைக் கல்லீரல் உடைத்துத் தள்ளுகிறது. ஐந்து நொதிகள், ஐந்து படிகள். கடைசிப் படியில் ஃபியூமரைல்அசிட்டோஅசிட்டேட் என்ற பொருளை இரண்டாக உடைத்து, உடல் எரிபொருளாகப் பயன்படுத்தக்கூடிய துண்டுகளாக்கும் நொதி எஃப்.ஏ.ஹெச். அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றுமாக, இந்த நொதிக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாக வந்து சேர்ந்த குழந்தைக்குக் கடைசிப் படி நடக்காது. மற்ற நான்கும் ஒழுங்காக நடக்கும். அதுதான் ஆபத்து. இந்த நோய்க்கு டைரோசினீமியா முதல் வகை என்று பெயர்.

நொதி இல்லாததால் ஏதோ ஒன்று உடலுக்குக் கிடைக்காமல் போய்க் குழந்தை நலிவதில்லை. பாதி வெட்டப்பட்ட பொருள் கல்லீரல் செல்லுக்குள்ளேயே தேங்குவதால் நலிகிறது. ஃபியூமரைல்அசிட்டோஅசிட்டேட் சும்மா கிடக்கும் பொருள் அல்ல. கையில் அகப்பட்ட புரதத்தோடும் டி.என்.ஏ.யோடும் ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்ட சேதத்தைத் தடுப்பதற்காகச் செல் வைத்திருக்கும் குளூட்டாதயோனை முதலில் தீர்த்துவிடும். செல் பிரியும்போது குரோமோசோம்கள் சரியாகப் பங்கு பிரிவதையும் குழப்பும். அதிலிருந்தே இன்னொரு பொருள், சக்சினைல்அசிட்டோன், பிறந்து ரத்தத்தில் கலக்கிறது. அது ரத்தச் சிவப்புக்கான ஹீம் தயாராகும் வழியில் ஒரு நொதியை முடக்கும். ஈய நஞ்சு முடக்குவதும் அதே நொதியைத்தான். விளைவு, நரம்புகளில் கடும் வலி. குழந்தை முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அலறும். கை கால் விழுந்து, மூச்சுவிடும் தசையும் விழுந்து, வென்டிலேட்டர் வரை போகும். சிறுநீரகம் பாஸ்பேட்டைப் பிடித்துவைக்க முடியாமல் விட்டுவிடுவதால் எலும்பு வளைந்து ரிக்கெட்ஸ் வரும். சில குழந்தைகளின் உடம்பில் வெந்த முட்டைக்கோஸ் வாடை அடிக்கும்.

இவ்வளவையும் தாண்டிப் பிழைத்த குழந்தைக்குப் புற்றுநோய் காத்திருந்தது.

1976இல் அமெரிக்க மருத்துவர்கள் மூன்று பேர் ஒரு கணக்கு எடுத்தார்கள். இந்த நோயோடு இரண்டு வயதைத் தாண்டிய 43 பேரைப் பற்றிய பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தால், 16 பேருக்குக் கல்லீரல் புற்றுநோய். 37 சதவீதம். நாற்பது ஐம்பது வருடக் குடிக்குப் பிறகோ, பல்லாண்டு மஞ்சள் காமாலைக் கிருமிக்குப் பிறகோ பெரியவர்களுக்கு வரும் அதே வகைப் புற்று, பள்ளிக்கூடம் போகாத வயதில் வந்தது. இந்தக் குழந்தைகள் குடிக்கவில்லை. ஹெபடைடிஸ் கிருமியும் கிடையாது. சொந்த உடல் சாப்பாட்டை உடைக்கும் வழியில் ஒரு படி குறைவு, அவ்வளவுதான்.

வளர்சிதை மாற்றக் கோளாறு எப்படிப் புற்றில் முடிகிறது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. நஞ்சு கல்லீரல் செல்களைக் கொல்கிறது. கல்லீரல் இழந்ததை வளர்த்துக்கொள்ளும் உறுப்பு. மிஞ்சிய செல்கள் ஓயாமல் பிரிகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் டி.என்.ஏ. பிரதி எடுக்கப்படுகிறது. அந்த டி.என்.ஏ.விலேயே நஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிழையோடு எடுத்த பிரதி அடுத்த பிரிவில் மூலப் பிரதியாகிவிடுகிறது. இரும்பு சேர்ந்துபோகும் ஹீமோகுரோமட்டோசிஸ், ஆல்ஃபா-1 ஆன்ட்டிட்ரிப்சின் குறைபாடு, கிளைகோஜன் சேமிப்பு நோய்களில் சில ஆகியவையும் இதே ஊருக்குத்தான் போகின்றன, வழிதான் வேறு. இன்று நம் ஊர் ஸ்கேன் சென்டர்களில் பாதிப் பேருக்கு எழுதித் தரும் ஃபேட்டி லிவரும், சர்க்கரையோடும் தொப்பையோடும் கூட்டுச் சேர்ந்தால், சிலருக்கு இதே பாதையில் நடக்கிறது: கொழுப்பு, வீக்கம், தழும்பு, பிறகு புற்று. அங்கே இருபது முப்பது ஆண்டுகள் எடுத்து நடப்பது டைரோசினீமியாவில் மூன்று நான்கு ஆண்டுகளில் நடந்துவிடும்.

உலகில் ஏறத்தாழ லட்சம் பிறப்பில் ஒன்று என்று இந்த நோயைச் சொல்வார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சாகுனே–லாக்-சான்-ஜான் வட்டாரத்தில் 1,846 பிறப்பில் ஒன்று. அங்கே ஏறக்குறைய 20 பேரில் ஒருவர் பழுதான பிரதி ஒன்றைச் சுமக்கிறார். அவருக்கு உடம்புக்கு ஒன்றும் இருக்காது. நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்ததால் வந்த வினை என்று பலரும் சட்டென்று நினைப்பார்கள். அதுவல்ல காரணம். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து வந்து குடியேறிய கொஞ்சம் பேரின் வழித்தோன்றல்கள் சார்லவா பகுதியில் பெருகினார்கள். நிலம் போதாமல், 1838 முதல் அங்கிருந்து ஒரு கூட்டம் சாகுனே ஆற்றோரம் காடு வெட்டிக் குடியேறியது. முதலில் வந்தவர்களில் எவரோ ஒருவர் அந்தப் பழுதைக் கொண்டுவந்திருக்கிறார். பிள்ளைகள் நிறையப் பெற்ற சமூகம். வெளியிலிருந்து ஆட்கள் அதிகம் வரவில்லை. எண்ணிக்கை பெருகப் பெருகப் பழுதும் பெருகியது. 1994இல் பழுதை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தபோது, அந்த வட்டார நோயாளிகளில் பெரும்பாலோரிடம் ஒரே பிழை, மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது.

கியூபெக் மருத்துவர்கள் இந்த நோயைத் தங்கள் வீட்டுப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார்கள். 1970 முதல் மாகாணத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு ரத்தச் சொட்டு எடுத்து இதற்காகச் சோதித்தார்கள். க்ளோட் லாபெர்ஜும் அவருடைய குழுவினரும் முன்னின்ற வேலை அது. ஆனால் கண்டுபிடித்து என்ன செய்வது? டைரோசின் குறைந்த உணவு கொடுக்கலாம். அது நோயைத் தள்ளிப்போட்டது, நிறுத்தவில்லை. குழந்தை உண்ணாவிட்டாலும் உடல் தன் தசையையே உடைத்து டைரோசின் தயாரித்துக்கொள்ளும். சாதாரணக் காய்ச்சல் போதும். ஆகவே புற்று வருவதற்குள் கல்லீரலையே மாற்றிவிடுவதுதான் ஒரே வழியாக இருந்தது. பொருத்தமான கல்லீரல் கிடைக்கும்வரை குழந்தை தாக்குப்பிடிக்க வேண்டும்.

இனி ஸ்வீடன். கோத்தன்பர்க்கில் ஸ்வென் லிண்ட்ஸ்டெட் என்ற மருத்துவ வேதியியல் பேராசிரியர் டைரோசின் பாதையை வருடக்கணக்காக ஆராய்ந்துகொண்டிருந்தார். அதுவரை உலகம் இந்த நோய்க்குக் குற்றவாளியாக நிறுத்தியிருந்தது ஐந்தாம் படி நொதியை அல்ல, இரண்டாம் படி நொதியை, அதாவது நம் எலிகளில் கட்டுண்ட அதே ஹெச்.பி.பி.டி.யை. நோயாளிகளின் கல்லீரலில் அதன் வேகம் குறைந்திருந்ததுதான் ஆதாரம். லிண்ட்ஸ்டெட்டின் குழு மனிதக் கல்லீரலிலிருந்து அந்த நொதியைத் தூய்மையாகப் பிரித்தெடுத்திருந்தது. அது குறைந்தால் ஏன் கல்லீரல் அழுகவேண்டும், ஏன் நரம்பு துடிக்கவேண்டும் என்பது அவருக்குப் பொருந்தி வரவில்லை. நோயாளிகளின் சிறுநீரில் சக்சினைல்அசிட்டோனைக் கண்டதும் முடிச்சு அவிழ்ந்தது. இரண்டாம் படியில் அடைப்பு இருந்தால் அந்தப் பொருள் பிறக்கவே வழியில்லை. பழுது கடைசிப் படியில் இருக்கிறது. இரண்டாம் படியின் மந்தம் அதன் பின்விளைவு. லிண்ட்பிளாட், ஸ்டீன் ஆகியோருடன் சேர்ந்து அவர் இதை எழுதி வெளியிட்டது 1977இல். கலிஃபோர்னியாவில் ஒருவர் பாட்டில் பிரஷ் செடியின் அடியைக் குனிந்து பார்த்த அதே ஆண்டு. இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, எலியில் ஹெச்.பி.பி.டி. கட்டுண்டு கிடப்பதைக் கண்ட ஆல்டர்லி பார்க் ஆட்கள், அந்த நொதியைக் கரைத்துக் குடித்தவர் யார் என்று தேடினால் லிண்ட்ஸ்டெட்டிடம்தான் போய் நிற்கவேண்டும். போனார்கள். அவர்கள் கொண்டுபோனது ஒரு தொல்லை: எங்கள் பொருள் இந்த நொதியை முடக்குகிறது, உதவ முடியுமா? அவருக்கு அது தொல்லையாகத் தெரியவில்லை. கடைமடை அடைபட்டுத் தண்ணீர் ஊருக்குள் புகும்போது அடைப்பை எடுக்கத் தெரியாவிட்டால் தலைமதகை இறக்கிவிடு என்பது வயலுக்கு நீர் பாய்ச்சும் எவருக்கும் தெரிந்த யோசனை. கடைசி நொதியைக் குழந்தைக்குக் கொடுக்க யாராலும் முடியவில்லை. இரண்டாம் நொதியை மூடிவிட்டால் பாதி வெட்டிய நஞ்சு உருவாகவே உருவாகாது. டைரோசின் மட்டும் ஏறும். டைரோசின் ஏறுவதால் கண்ணுக்கும் தோலுக்கும் தொந்தரவு வரலாம், அதை உணவால் கட்டுப்படுத்தலாம். கல்லீரலை அது தின்னாது. இன்னொரு பரம்பரை நோயில் டைரோசின் காலம் முழுவதும் ஏறியே இருந்தும் கல்லீரல் கெடுவதில்லை என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான்.

ஒருகாலத்தில் பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்ட நொதியையே வேண்டுமென்றே முடக்குவது! குறைவதால் நோய் வருகிறது என்று உலகம் நம்பிய ஒன்றை மேலும் குறைத்து நோயைத் தீர்க்கலாம் என்று சொல்ல, அந்தப் பழைய நம்பிக்கை தவறு என்று நிறுவியவரால் மட்டுமே முடிந்திருக்கும்.

சொல்வது எளிது. சொல்லப்படுவது, எலிக்குக் கண்ணைக் கெடுத்த ஒரு களைக்கொல்லியைக் கைக்குழந்தை வாயில் ஊற்றுவது. எந்த நிறுவனத்தின் வழக்கறிஞருக்கும் தூக்கம் கெடும் விஷயம். அதற்குச் சந்தையும் கிடையாது. உலகம் முழுவதும் சேர்த்துப் பார்த்தாலும் நோயாளிகள் சில ஆயிரம் பேர் தேறுவார்களா என்பதே சந்தேகம். இருந்தும் நிறுவனம் பொருளைக் கொடுத்தது. 1991 பிப்ரவரியில் கோத்தன்பர்க்கில் கல்லீரல் செயலிழந்துகொண்டிருந்த ஒரு கைக்குழந்தைக்கு முதல் முறையாக என்.டி.பி.சி. கொடுக்கப்பட்டது. குழந்தை தேறியது.

எலிசபெத் ஹோல்ம், எட்வர்ட் லாக் உள்ளிட்டோருடன் சேர்ந்து லிண்ட்ஸ்டெட் 1992இல் லான்செட் இதழில் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார். சக்சினைல்அசிட்டோன் சரிந்துவிட்டது. ஹீம் பாதையின் நொதி மறுபடி வேலை செய்தது. கல்லீரல் சோதனைகள் தேறின. கல்லீரல் தவிப்பதைக் காட்டும் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் இறங்கியது. அந்தக் கட்டுரை வெளியானதும் பல நாடுகளின் குழந்தை மருத்துவர்கள் மருந்து கேட்டார்கள். 1990களில் நடந்த பன்னாட்டு ஆய்வில் 25 நாடுகளைச் சேர்ந்த 207 நோயாளிகள் சேர்ந்தார்கள். மருந்துக்கு நிடிசினோன் என்று முறையான பெயர் வந்தது. ஸ்வீடனின் ஒரு சிறு நிறுவனம் ஆர்ஃபடின் என்ற வணிகப் பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 2002இலும் ஐரோப்பாவில் 2005இலும் ஒப்புதல் கிடைத்தது.

கல்லீரல் செயலிழந்து வந்த பச்சிளம் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த மருந்துக்குக் கட்டுப்பட்டார்கள். நரம்பு வலித் தாக்குதல்கள், மருந்தை ஒழுங்காக எடுத்தவரை, மறைந்தேபோயின. புற்றுநோய் மட்டும் அத்தனை எளிதில் வழிக்கு வரவில்லை. மருந்து தொடங்கிச் சில மாதங்களிலேயே கட்டி வளர்ந்த குழந்தைகள் இருந்தார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை: மருந்து நஞ்சு உருவாவதை நிறுத்தும், ஏற்கெனவே எழுதப்பட்ட பிழையை அழிக்காது. முதல் நாளிலிருந்தே செல்களில் பிழை எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே எல்லாமே எப்போது தொடங்குகிறோம் என்பதில் இருக்கிறது. ஓராண்டு கழித்துத் தொடங்கிய குழந்தைகளுக்குப் புற்று வரும் வாய்ப்பு, பிறந்தவுடன் தொடங்கியவர்களைவிடப் பன்மடங்கு என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

இங்கேதான் கியூபெக்கின் பழைய ரத்தச் சொட்டுச் சோதனைக்கு மதிப்புக் கூடியது. இருபது வருடத்துக்கு மேல், கையில் நல்ல மருந்து இல்லாமலேயே நோயை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். இடையில் சோதனையையும் கூர்மையாக்கியிருந்தார்கள். டைரோசினை நம்பாமல் சக்சினைல்அசிட்டோனையே தேடும் முறையை 1982இல் லாபெர்ஜின் குழு வெளியிட்டது. 1994இல் மருந்து வந்து சேர்ந்தபோது, வந்த அன்றே கொடுக்கக் குழந்தைகள் அடையாளம் காணப்பட்டிருந்தார்கள். பிறந்து ஒரு மாதத்துக்குள் தொடங்கிய 24 பேரைப் பற்றி 2012இல் எழுதினார்கள். ஒருவருக்கும் கல்லீரல் மாற்று தேவைப்படவில்லை. ஒருவரும் இறக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மருந்தில் இருந்தவர்களிடமும் கல்லீரல் நோய் எதுவும் தென்படவில்லை.

இந்த நோயின் கல்லீரலைத் திறந்து பார்த்தவர்கள் கண்ட இன்னொன்றைச் சொல்லாமல் நகர மனமில்லை. நார்வே ஆய்வாளர் எலி ஆனே கிவிட்டிங்கென் 1990களின் தொடக்கத்தில், மாற்று அறுவைக்காக எடுத்த கல்லீரல்களைச் சாயமேற்றிப் பார்த்தார். எஃப்.ஏ.ஹெச். அறவே இருக்கக் கூடாத கல்லீரலில் திட்டுத் திட்டாக அந்த நொதி இருந்தது. அந்தத் திட்டுகளில் மரபணுவின் ஒரு பிரதி தானாகவே திருந்தியிருந்தது. பழுதான எழுத்து பழையபடி சரியான எழுத்தாக மாறியிருந்தது. திருந்திய செல்லுக்குள் நஞ்சு இல்லை. ஆகவே சாகாமல் பெருகி, சாகும் செல்களின் இடத்தைப் பிடித்தது. ஒரே கல்லீரலில், ஒரு பக்கம் செல்கள் புற்றை நோக்கி நகர்கின்றன, இன்னொரு பக்கம் குணமாகின்றன.

அமெரிக்காவின் ஓரிகனில் மார்கஸ் கிரோம்பே இதை விலங்கில் தொடர்ந்தார். எஃப்.ஏ.ஹெச். மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் பிறந்த அன்றே சாகும். தாயின் குடிதண்ணீரில் என்.டி.பி.சி. கலந்தால் பிழைக்கும். நோயெதிர்ப்பும் இல்லாதபடி உருவாக்கிய அத்தகைய சுண்டெலிக்குள், வளர்ந்த பிறகு மனிதக் கல்லீரல் செல்களைச் செலுத்தி மருந்தை நிறுத்தினால், அதன் சொந்தச் செல்கள் சாக, மனித செல்கள் பெருகிக் கல்லீரலின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். புதிய மருந்துகள் மனிதக் கல்லீரலில் என்ன ஆகின்றன என்று பார்க்க இன்று ஆய்வகங்கள் இந்தச் சுண்டெலிகளைப் பயன்படுத்துகின்றன. ஆனால் அதே குழு ஒரு கசப்பான செய்தியையும் சொன்னது: கருவிலிருந்தே மருந்து பெற்ற சுண்டெலிகளிலும் வயதான பிறகு சிலவற்றுக்குக் கல்லீரல் புற்று வந்தது. அதனால்தான் சிறு வயதிலேயே மருந்து தொடங்கி இன்று இளைஞர்களாகிவிட்டவர்களும் வயிற்று ஸ்கேனையும் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் சோதனையையும் விடுவதில்லை. பால், பருப்பு, முட்டை, மீன் எல்லாம் அவர்களுக்கு அளந்துதான். டைரோசின் நீக்கிய புரத மாவும் அவர்களின் அன்றாடச் சாப்பாட்டில் உண்டு. பள்ளிப் படிப்பில் சிலர் தடுமாறுவதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. ஏறிய டைரோசின் காரணமா, வேறு ஏதாவதா என்ற விவாதம் தொடர்கிறது.

மருந்தாகிவிட்ட என்.டி.பி.சி.யின் உடன்பிறப்புகள் வயலுக்கே போய்விட்டன. அதே குடும்பத்து மீசோட்ரையோன் 2001இல் சின்ஜென்டாவின் கலிஸ்டோ என்ற பெயரில் வந்தது. பாட்டில் பிரஷ் செடியின் தாவரவியல் பெயரான கலிஸ்டமனிலிருந்து எடுத்த பெயர். நம் ஊர் மக்காச்சோளக் காடுகளில் தெளிக்கும் டெம்போட்ரையோனும் ஹெச்.பி.பி.டி.யைக் கட்டுவதுதான். மருந்தடித்த சில நாளில் களை வெளுத்து நிற்பதைப் பெரம்பலூர்ப் பக்கத்து உழவர்கள் பார்த்திருப்பார்கள். மக்காச்சோளம் மட்டும் அந்த நஞ்சைத் தானே செரித்துக்கொண்டு பிழைத்துவிடும்.

மருந்துக்கு இன்னொரு வேலையும் கிடைத்தது. டைரோசின் பாதையின் மூன்றாம் படி பழுதானால் ஆல்கேப்டோனூரியா; சிறுநீர் காற்றுப்பட்டால் கறுக்கும், நடு வயதில் மூட்டும் முதுகெலும்பும் தேயும். பரம்பரையாக வரும் வளர்சிதைக் கோளாறு என்ற எண்ணத்தையே 1902இல் ஆர்ச்சிபால்ட் கேரட் இந்த நோயை வைத்துத்தான் தொடங்கினார். தமிழ்நாட்டின் நரிக்குறவர் சமூகத்தில் இது வழக்கத்தைவிட அதிகமாக இருப்பதையும், அவர்களிடம் ஒரே பிழை தலைமுறை தலைமுறையாக வருவதையும் 2014இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். சாகுனேயில் நடந்த அதே கதை. இந்த நோய்க்கும் நிடிசினோனை 2020இல் ஐரோப்பா ஒப்புக்கொண்டது.

விலையைப் பேசாமல் இந்தக் கதை முடியாது. செய்வதற்குக் கடினமான மூலக்கூறு அல்ல இது. கண்டுபிடித்த செலவையும் களைக்கொல்லிக் கணக்கில்தான் எழுதியிருப்பார்கள். ஆனாலும் அரிய நோய்க்கு மருந்து கொண்டுவருபவருக்குச் சட்டம் கொடுக்கும் தனியுரிமையும், வாங்குபவருக்கு வேறு போக்கில்லாத நிலையும் சேர்ந்து, இறக்குமதி மருந்தின் ஆண்டுச் செலவு இந்தியாவில் 2.2 கோடி ரூபாய் வரை போனது. இதற்கு நியாயம் கற்பிக்கும் வாதங்களைப் படித்திருக்கிறேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. 2021இன் தேசிய அரிய நோய்க் கொள்கை இந்த நோயைப் பட்டியலில் சேர்த்தது. 2023 நவம்பரில் ஒன்றிய அரசு, உள்நாட்டு நிறுவனங்கள் தயாரித்த நிடிசினோன் வந்துவிட்டதாகவும் ஆண்டுச் செலவு சுமார் 2.5 லட்சமாகக் குறையும் என்றும் அறிவித்தது.

ஆக, இங்கே இப்போது மருந்து இருக்கிறது. பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த ரத்தச் சொட்டில் சக்சினைல்அசிட்டோனைத் தேடும் சோதனை எல்லாக் குழந்தைக்கும் இல்லை. வயிறு உப்பி, காமாலை விடாமல், ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமல் வரும் கைக்குழந்தைக்கு மருத்துவர் சந்தேகப்பட்டுச் சிறுநீரில் அந்தச் சோதனையை எழுதினால்தான் நோய் பிடிபடும். பிடிபட்ட அன்றே மாத்திரை தொடங்கும். அதே சீட்டில் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீனையும் ஸ்கேனையும் மருத்துவர் எழுதுவார். பிறந்த நாளுக்கும் அந்த நாளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் ஏதாவது ஒரு செல் புற்றை நோக்கித் திரும்பிவிட்டதா என்று பார்க்க வேறு வழியில்லை.